வேங்கை விதை தேடிக் கொல்லிமலையில்

எங்கள் தோட்டத்துத் துரை ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "உனக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்டார். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் இருப்பதையெல்லாம் கடல் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் எப்படி ஒப்புக்கொள்வான்? ஒத்துக்கொள்ளும் என்றேன். வவுனியாவில் எங்கள் நாற்றுத்தோட்டத்துக்கு வேங்கை விதை வேண்டியிருந்தது. எங்கள் தீவில் இருந்த நல்ல வேங்கைகளெல்லாம் உலக யுத்தத்தின்போது பலகையாகிவிட்டன. கொல்லிமலையில் கோணல் இல்லாத பெரிய வேங்கைகள் இன்னும் நிற்கின்றன, மாசியில் காய் முற்றி உதிரும் என்று யாரோ அவருக்கு எழுதியிருந்தார்கள். இரண்டு சாக்கு விதை கொண்டு வர வேண்டும். யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. நாற்று மேடைக்கு வெளியே எனக்குப் பெரிய உலகம் ஏதும் இருந்ததில்லை.

நாமக்கல்லில் ஏறிய பஸ், கரி போட்டால் ஓடுகிற பஸ். பெட்ரோல் கட்டுப்பாடு இன்னும் நீங்கவில்லை. வண்டியின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு தகர உருளை. அதில் அடுப்புக்கரி புகைந்துகொண்டிருந்தது. கண்டக்டர் கைப்பிடி ஒன்றைப் பிடித்துச் சுற்றச் சுற்றத் தணல் சீறியது. சேந்தமங்கலத்துக்கு நடந்தே போனாலும் இரண்டு மணி நேரம்தான். நாங்கள் இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மேடு வந்த இடத்திலெல்லாம் ஆண்கள் இறங்கித் தள்ளினோம். மடியில் கோழிக்கூடையை வைத்திருந்த ஒரு அம்மாள் மட்டும் உள்ளேயே இருந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளுங்க, நல்லா இருப்பீங்க" என்று வாழ்த்திக்கொண்டே வந்தாள்.

சேந்தமங்கலத்தில் காட்டுக் காவலர் பொன்னுசாமி எனக்காகக் காத்திருந்தார். ஒல்லியான மனிதர்; காக்கிச் சட்டை, செருப்பில்லாத கால். காப்பி கிளப்பில் அன்றைக்கு அரிசிச் சோறு கிடையாது. கம்பஞ்சோறும் மோரும் தந்தார்கள். நான் கம்பைச் சோறாகத் தின்றதில்லை. முதல் கவளம் தொண்டையில் நின்றது, மூன்றாவது கவளத்தில் மறுசோறு கேட்டேன். என் பேச்சைக் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டுக்கொண்டிருந்த பொன்னுசாமி, "ஏனுங்க, நீங்க மலையாளத்துக்காரருங்களா?" என்றார்.

"இல்லை, தமிழன்தான். யாழ்ப்பாணம்."

"அப்ப அந்தப் பக்கம் தமிழு இப்பிடித்தானுங்களா?" என்று வியந்துவிட்டு, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: "மேல மலையில இருக்கறவங்களுக்கும் மலையாளின்னுதாங்க பேரு. அவுங்களும் பேசறது தமிழுதான். உங்க பேச்சு அவுங்களுக்குப் புரியாது, அவுங்க பேச்சு உங்களுக்குப் புரியாது. நடுவுல நான் இருக்கறேன், பயப்படாதீங்க."

அன்றிரவு காளப்பநாயக்கன்பட்டியில் அவருடைய உறவினர் வீட்டில் தங்கினோம். விடியும்போது வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். முன்தினம் மாலை மங்கலில் மேகம் என்று நினைத்திருந்தது மேகமில்லை, மலை. எங்கள் ஊரில் பனைக்கும் கோயில் கோபுரத்துக்கும் மேலே அண்ணாந்து பார்க்க ஒன்றும் கிடையாது. இங்கே கழுத்தை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்தால்தான் உச்சி தெரிந்தது. "அதிலையா ஏறப்போறம்?" என்று கேட்டேன். பொன்னுசாமிக்கு என் தமிழ் அந்த ஒரு தடவை உடனே புரிந்துவிட்டது.

ஏறத் தொடங்கிய அரை மணி நேரத்தில் என் மனம் உடைந்துபோயிற்று. களைப்பினால் அல்ல. காடு முழுக்கச் செத்துக் கிடந்தது. கண்ணுக்கெட்டியவரை ஒரு மரத்திலும் இலை இல்லை. சாம்பல் நிறக் கொம்புகள், கீழே முழங்கால் அளவுக்குச் சருகு. வன்னிக்காட்டில் பாலையும் முதிரையும் வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும். ஒரு மரம் மொட்டையாக நின்றால் எங்கள் கணக்கில் அது விறகு. "ஏன் இப்படிப் பட்டுப்போச்சுது? மழை இல்லையா?" என்று கேட்டேன்.

பொன்னுசாமி சிரித்தார். "இது மாசி மாசங்க. எல கொட்டற காடு இது. ஒண்ணும் சாகல. கொஞ்சம் பொறுத்துப் பாருங்க."

பொறுத்துப் பார்க்கப் பார்க்கத்தான் கண் திறந்தது. ஒரு திருப்பத்தில் பெரிய இலவ மரம். ஓர் இலைகூட இல்லாமல், கிளை முழுக்க உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பூ. ஒவ்வொரு பூவிலும் ஒரு மைனாவோ கரிச்சானோ தலையை உள்ளே விட்டுத் தேன் குடித்துக்கொண்டிருந்தது. அந்த மரமே கத்துவதுபோல் இரைச்சல். பூக்கள் ஒவ்வொன்றாகச் சருகின்மேல் தொப்பென்று விழுந்தன. அதற்கும் மேலே, மண்ணே இல்லாத பாறையில், கோங்கு மஞ்சளாகப் பூத்து நின்றது. இன்னும் மேலே போனதும், பள்ளத்தில் ஒரு மரம் மட்டும் புதுச் செம்புப் பாத்திரம்போல் மின்னியது. பூ என்று நினைத்தேன்; கிட்டப் போனால் இலை, அன்றோ முந்தின நாளோ விட்ட கொழுந்து. பூவத்தி என்றார் பொன்னுசாமி. சொட்டுத் தண்ணீர் இல்லாத மாதத்தில், யாரும் கேட்காமல், அது தன்பாட்டில் துளிர்த்துக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிப் பிழைக்கிற நான் அந்தக் கொழுந்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நான் தண்ணீர் ஊற்றினால்தான் மரம் வளரும் என்று இத்தனை காலம் உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்கிறது.

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அப்படிப்பட்ட குண்டூர் நாட்டில் செம்பாயி, வெள்ளையன் என்ற தம்பதியின் வீட்டில் எங்களைத் தங்க வைத்தார் பொன்னுசாமி. இருவருக்கும் என் வயதுதான் இருக்கும். கூரை தாழ்ந்த புல் வீடு; வாசலில் பாய் பாயாக மிளகு காய்ந்தது. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. மிளகு போட்ட ரசத்தை ஒரு மிடறு குடித்ததும் காதுவரைக்கும் சூடு ஏறியது. நான் பனங்கட்டி கேட்டேன். ஒருவருக்கும் புரியவில்லை. பொன்னுசாமி யோசித்து, "கருப்பட்டியக் கேக்கறாருங்க" என்று மொழிபெயர்த்தார். அது அங்கே இல்லை. தேன் கொண்டு வந்து வைத்தாள் செம்பாயி. எதற்கு என்று கேட்டாள். தேத்தண்ணிக்கு என்றேன். நான் தேயிலைக்கு அடிமை. ஒரு பொட்டலம் தேயிலையும் தகரக் குவளையும் கடல் தாண்டிக் கூடவே வந்திருந்தன.

மறுநாள் காலை செம்பாயி எங்களை வேங்கையிடம் அழைத்துப் போனாள். கையில் ஒரு நீண்ட விளக்குமாறும் அருவாளும் எடுத்துக்கொண்டாள். அந்தச் சரிவிலுள்ள பெரிய மரங்களைப் பார்த்துக்கொள்வது அவர்கள் குடும்பத்துக்கு வழிவழியாக வந்த முறை. மாசி பிறந்ததும் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் சருகைக் கூட்டித் தள்ளி வெறும் மண் தெரிய வைக்க வேண்டும். கீழேயிருந்து காட்டுத்தீ ஏறி வந்தால் அந்த வெற்று வட்டத்தில் நின்றுவிடும். கிளையில் புல்லுருவி பிடித்திருந்தால் அறுக்க வேண்டும்; மரத்தில் ஏறிய கொடி காய்ந்திருந்தால் வெட்டி இழுக்க வேண்டும். "மரம் நிக்கறதாலதாங்க கீழ ஊத்து நிக்குது" என்றாள். அதற்குமேல் அவள் காரணம் சொல்லவில்லை.

அந்த வேங்கையைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரிகிறது. நாங்கள் மூன்று பேரும் கை கோத்தோம். அடிமரத்தைச் சுற்ற முடியவில்லை. இன்னும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. தரையிலிருந்து வெகு உயரம் கிளை என்பதே இல்லை. அதற்குமேல் கிளைகள் விரிந்து பிரிந்து, கடைசியில் நூல்போல் மெலிந்து வானத்தில் கோடு கோடாக நின்றன. ஒரு இலை இல்லை. ஆனால் அந்த நூல் நுனிகள் முழுக்க ஆயிரக்கணக்கில், பல்லாயிரக்கணக்கில், காய்கள் தொங்கின: நடுவில் புடைத்த சின்னச் சின்ன அப்பளங்கள். இலேசான காற்றுக்கே அவை ஒன்றோடொன்று உரசின. மழை தூரத்தில் பெய்வதுபோல் ஒரு சத்தம் மேலேயே இருந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. பொன்னுசாமி தோளைத் தொட்டு, "கழுத்து புடிச்சிக்குமுங்க" என்றார்.

அடிமரத்தில் கீறல் ஒன்று ஆறிப்போய் இருந்தது. கீறலின் கீழ் முனையில் உறைந்த பால், கருஞ்சிவப்பாகக் கண்ணாடிபோல் மின்னியது. பிள்ளைகளுக்குப் பொட்டு வைக்க எடுத்தது என்றாள் செம்பாயி. பிள்ளை பிறந்த வீட்டார் மட்டும்தான் கீறலாம். அதுவும் ஒரு கீறல். கீறினால் பால் எடுத்துக்கொண்டு மண் குழைத்து அப்பிவிட வேண்டும்.

எனக்கு நாள் குறைவு. மேலே ஆளை ஏற்றி நாலைந்து கிளையை வெட்டித் தள்ளினால் ஒரு மணி நேரத்தில் இரண்டு சாக்கு நிறைந்துவிடும் என்றேன். பொன்னுசாமி அதைச் செம்பாயியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் என்னைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்தாள்.

"கொம்ப வெட்டித்தான் எடுக்கோணுமுன்னா நான் வரலீங்க. காத்து வந்தா அதுவே குடுக்கும்."

"எப்ப வரும் காத்து?"

"மாசில மத்தியானம் ஆனா வருமுங்க. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு."

அன்று காற்று வரவில்லை. அவள் கூட்டினாள். ஒரு மரம் முடிந்தால் அடுத்த மரம். நான் வெறுமனே உட்கார்ந்திருக்க முடியாமல் கருமருது ஒன்றின் அடியைக் கூட்ட முயன்றேன். அதன் பட்டை முதலைத் தோல்போல் கட்டம் கட்டமாக வெடித்திருந்தது. கால் மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போயிற்று. எங்கள் தோட்டத்தில் ஒரு நாற்றுக்கு ஒரு சாண் இடம்; இங்கே ஒரு மரத்துக்கு ஒரு களத்துமேடு அளவுக்குக் கூட்ட வேண்டியிருந்தது. வேங்கையின் கீழ்ப்பக்கத்தில் காய்ந்த கொடி ஒன்று மேலே ஏறியிருந்தது. அதை அறுக்க மேலே ஏற வேண்டும், வெள்ளையன் நாளை மறுநாள் வந்து அறுப்பான் என்றாள் செம்பாயி.

அடுத்த நாளும் போனோம். கொடியை மறுநாள் அறுத்துக்கொள்ளலாம் என்று, அன்று வெள்ளையனும் விதை பொறுக்க வந்திருந்தான். பெரிய வேங்கையடியில் பாய்களையும் என் வேட்டிகளையும் விரித்துவிட்டுக் காத்திருந்தோம். உச்சி வெயில் ஏறியது. காற்று அசையவில்லை. எனக்குத் தேத்தண்ணி ஞாபகம் வந்துவிட்டது. நூறு அடி கீழே ஓடை. ஓடையருகில் மட்டும் காட்டு நாவல்கள் பச்சையாக நின்றன. அங்கே மூன்று கல் வைத்துத் தீ மூட்டி, தண்ணீர் கொதிக்க வைத்து, தேன் விட்டுக் குடித்தேன். மற்ற மூன்று பேருக்கும் கொண்டு வந்து கொடுத்தேன். வெள்ளையன் ஒரு வாய் குடித்துவிட்டு, மரியாதைக்காக இன்னொரு வாய் குடித்தான். ஓடையை விட்டு வரும்போது மிச்சத் தண்ணீரை நெருப்பில் ஊற்றியிருந்தேன். அது சுர்ரென்றது. புகை எழுந்து அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் காற்று வந்தது.

முதலில் சரிவின் கீழே எங்கோ சருகு புரண்ட சத்தம். பிறகு கருமருதுகள் அசைந்தன. பிறகு வேங்கையின் உச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அத்தனை காயும் ஒரே நேரத்தில் கிளையை விட்டன. அவை விழவில்லை, சுற்றின. ஒவ்வொன்றும் தன்னையே சுற்றிக்கொண்டு, வெயிலில் பளிச்சிட்டு, சாய்ந்து, மிதந்து, எங்கள் தலையிலும் தோளிலும் பாயிலும் வந்து இறங்கின. வானம் முழுக்கப் பழுப்புத் தங்கம் சுழன்றது. பொன்னுசாமி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் காட்டு வேலை பார்த்தும் தான் இதைப் பார்த்ததில்லை என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று பிறகு வெள்ளையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வாரி வாரிப் போட்டோம். இரண்டு சாக்கும் நிறைந்தன. வாயைக் கட்டக் கயிறு எடுத்தபோது செம்பாயி மூக்கை உயர்த்தினாள்.

"தீ" என்றாள்.

ஓடைப் பக்கமிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் புகைக்கு அடியில் சிவப்புக் கோடு தெரிந்தது. காற்று அதை நேராக எங்களை நோக்கித் தள்ளியது. முழங்கால் அளவுச் சருகில் தீ பிடித்தால் அது நடக்காது, ஓடும். செம்பாயி வாயில் கை வைத்து ஊர்ப் பக்கம் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். வெள்ளையனும் பொன்னுசாமியும் தீயைச் சுற்றிக்கொண்டு ஓடை நாவலிடம் ஓடிப் பச்சைக் கொம்புகளை ஒடித்தார்கள்.

"சாக்கு! சாக்க நனைச்சுக் கொண்டாங்க சாமி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள் செம்பாயி.

சாக்கு இரண்டிலும் விதை இருந்தது. கடல் தாண்டி வந்ததன் பலன் முழுவதும் அதில் இருந்தது. நான் ஒரு கணம் தயங்கினேன். அந்தத் தயக்கத்தை மறைத்து எழுத மனம் வரவில்லை. பிறகு இரண்டையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டு ஓடைக்கு ஓடினேன்.

நனைந்த சாக்கால் தீயை அடிப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அடித்தேன். முகத்தில் மயிர் பொசுங்கியது. ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் கொம்பும் கையுமாக இறங்கி வந்து பக்கத்தில் நின்று அடித்தார்கள்.  வேங்கையின் வெற்று வட்டத்தை அடைந்ததும் தீ சட்டென்று குனிந்தது. தின்ன ஒன்றும் இல்லாமல் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் போயிற்று. வட்டம் காத்துவிட்டது என்று மூச்சு விட்டோம். அப்போதுதான், பறந்து வந்த ஒரு பொறி, கீழ்ப்பக்கம் ஏறியிருந்த காய்ந்த கொடியைப் பற்றியது. தீ கொடியோடு மரத்தில் ஏறத் தொடங்கியது.

வெள்ளையன் அருவாளை வாயில் கவ்விக்கொண்டு மறுபக்கமாகத் தொற்றி ஏறினான். தீ ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். செம்பாயி கீழே நின்று கண் இமைக்காமல் பார்த்தாள். அவளுடைய இரண்டு கையும் என் கையைப் பிடித்திருந்தன. யாருடைய கை என்று அவளுக்குத் தெரிந்திராது. தீக்கு மேலே போய், எரிகிற கொடியை வெட்டி, வெறும் கையால் பிடித்து இழுத்து எறிந்தான் வெள்ளையன். எரிந்துகொண்டே அது கீழே விழுந்தது. நாங்கள் எல்லாரும் அதன்மேல் பாய்ந்தோம்.

சூரியன் சாயும்போது தீ அடங்கியது. வெள்ளையனின் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. ஊருக்கு வந்ததும் தேனைத் தடவி வாழை இலை சுற்றினார்கள். பொன்னுசாமி தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். காட்டில் தீ என்றால் காரணம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். "தேன் எடுக்கறவங்க புகை போட்டுட்டு அணைக்காம வந்துட்டாங்க, அதானே? இன்னைக்கு ஓடைப் பக்கம் போனது யாரு?" என்று கூடியிருந்தவர்களைக் கேட்டார்.  வெள்ளையனுடைய தம்பி தேன் எடுப்பவன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அந்தப் பக்கம் போகவே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் தீயை அடித்துக்கொண்டே போனபோது அது தொடங்கிய இடத்தை நான் பார்த்திருந்தேன். கருகின நிலம் விசிறிபோல் விரிந்து மேலே போயிருந்தது. விசிறியின் காம்பில் மூன்று கல் இருந்தது.

எழுந்து நின்றேன்.  "அது என்ர அடுப்பு" என்றேன். பொன்னுசாமிக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னேன்: "நான் தேத்தண்ணி வைச்ச நெருப்பு. நான்தான் ஒழுங்காக அணைக்கவில்லை."

அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. பொன்னுசாமி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "ஏனுங்க, நெசமாலுமே அப்பிடியே எழுதிடட்டுமுங்களா? நீங்க சர்க்கார் வேலையா வந்தவரு. உங்க துரைக்குப் போகுமுங்க" என்றார்.

"நடந்ததை எழுதுங்கோ. கையெழுத்து வைக்கிறன்."

செம்பாயி எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் சோறு வந்தது. மொச்சைக் குழம்பு வந்தது. கட்டுப்போட்ட கையோடு வெள்ளையன் என் எதிரில் உட்கார்ந்திருந்தான். யாரோ அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை. "தின்னுங்க சாமி" என்று அவன்தான் சொன்னான். "மரத்துல ஏறுனது நானு. பசியோட இருக்கறது நீங்களா?"

காலையில் செம்பாயி பேசினாள். "தண்ணி ஊத்துனா மேல அணையுமுங்க, அடியில இருக்கும். கல்லப் பெரட்டிப் போட்டு, சாம்பலுக்குள்ள கைய வெச்சுப் பாக்கோணும். கை பொறுத்தாத்தான் அணைஞ்சுதுன்னு அர்த்தம்." அவ்வளவுதான். அவள் கோபம் முழுவதும் அந்தச் சொல்லில் இருந்தது. அதற்குமேல் அவள் அதை எடுக்கவே இல்லை.

மரத்திடம் போனோம். கீழ்ப்பக்கத்து அடிமரம் ஆள் உயரத்துக்கு மேலே வரை கருகியிருந்தது. தாழ்ந்த இரண்டு கிளைகளின் நுனி பொசுங்கியிருந்தது. செம்பாயி அருவாள் முனையால் மேல்பக்கத்துப் பட்டையில் மெல்லக் கீறினாள். சிவப்பு துளிர்த்து வழிந்தது. கீழ்ப்பக்கத்தில் கீறினாள். ஒன்றும் வரவில்லை. காய்ந்த தூள் உதிர்ந்தது.

"பிழைக்குமா?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க. மொட்டையா நிக்கறப்ப செத்ததும் உசுரோட இருக்கறதும் ஒண்ணாத்தான் இருக்கும். வேரு வெந்துருந்தா மேல பாலு வந்தும் பிரயோசனமில்ல. சித்திரை மழைக்குத் துளிர்த்தாத்தான் சொல்ல முடியும்."

சித்திரையில் நான் அங்கே இருக்கப் போவதில்லை. ஓடையிலிருந்து மண்ணும் சாணமும் குழைத்துக் கருகின பட்டை முழுக்க அப்பினோம். வெள்ளையன் கையால் தொட முடியாமல் பக்கத்தில் நின்று, இங்கே விட்டுப்போச்சு, அங்கே விட்டுப்போச்சு என்று காட்டினான். உச்சியில் உதிராமல் மிஞ்சின காய்கள் இன்னும் உரசிக்கொண்டிருந்தன. அடியில் இத்தனை நடந்ததை அறியாததுபோல் அந்தச் சத்தம். நான் மண் பூசிய கையைப் பட்டையின்மேல் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். முன்தினம் அந்த மரத்தைப் பார்த்து எனக்கு வந்தது ஆச்சரியம். அன்று வந்தது வேறு. அதற்கு முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்தது. அத்தனை பெரிய உயிர், ஒரு குவளைத் தேத்தண்ணியால் போகக்கூடியதாக இருந்திருக்கிறது.

நான் கொட்டிய விதைகளில் பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. வட்டத்துக்கு வெளியே விழுந்தவை சாம்பலில் கிடந்தன. சிறகு கருகி, நடுப் புடைப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அவற்றைத் தள்ளிவிட்டு நல்லதாகப் பொறுக்கினேன். "கருகுனதையும் எடுங்க" என்றாள் செம்பாயி. "ஓடு கெட்டி. உள்ள ஒண்ணும் ஆயிருக்காது. சில சமயம் இதுதான் மொதல்ல மொளைக்கும்." எல்லாமாகச் சேர்த்து அரைச் சாக்கு தேறியது.

போகிற நாளை இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். வெள்ளையனுக்குக் கை முடியாததால் அவனுடைய வேலையை நான் செய்தேன். செம்பாயி ஒரு மரத்தைக் கூட்டி முடிப்பதற்குள் நான் அரை மரம் கூட்டினேன். இடுப்பு வலி மூன்றாம் நாள் பழகிப்போயிற்று. இறங்கும் நாளில் ஊர் எல்லைவரை இருவரும் வந்தார்கள். வெள்ளையன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "வாங்க சாமி" என்றான். அங்கே போகிறவரையும் வாங்க என்றுதான் அனுப்புகிறார்கள்.

வவுனியாவில் துரை பொன்னுசாமியின் அறிக்கையை இரண்டு தடவை வாசித்தார். ஒரு வருஷத்துக்கு எனக்கு வெளி வேலை இல்லை என்றார். நியாயம்தான். சிறகு நல்லதாக இருந்ததை ஒரு மேடையிலும், கருகினதை ஒரு மேடையிலும் ஊன்றினேன். செம்பாயி சொன்னதுபோல் கருகின மேடையில்தான் முதல் முளை வந்தது. மண்ணைப் பிளந்துகொண்டு, முதுகு வளைந்து, இளம்பச்சையாக. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. தாய் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் பிள்ளையைக் கையில் வைத்திருப்பதுபோல் இருந்தது. சித்திரை போயிற்று. வைகாசியும் பாதி போயிற்று. பொன்னுசாமிக்கு மூன்று கார்டு எழுதிவிட்டேன், பதில் இல்லை.

ஆனியில் ஒரு கார்டு வந்தது. பொன்னுசாமியின் பென்சில் எழுத்து, நெருக்கி நெருக்கி எழுதியிருந்தார். இடையில் காய்ச்சலில் படுத்துவிட்டதாகவும், எழுந்ததும் முதல் காரியமாக மேலே போய்ப் பார்த்து வந்ததாகவும் சொல்லியிருந்தார். மழை பிந்தி வந்ததாம். வேங்கை உச்சியிலிருந்து அடிவரை துளிர்த்துவிட்டதாம்; நிழல் விழுகிற அளவுக்கு இலை. வெள்ளையனின் கை ஆறிவிட்டது, இடது கை விரல் ஒன்று மட்டும் மடங்க மறுக்கிறது. கீழ்ப்பக்கத்துக் கருகின கிளைகள் இரண்டும் துளிர்க்கவில்லை. பட்டுப்போன கிளையை அறுத்துவிடலாமா என்று அவர் கேட்டதற்குச் செம்பாயி விடமாட்டேன் என்றுவிட்டாளாம். அதில் ஒரு மரங்கொத்தி பொந்து குடைந்து குஞ்சு பொரித்திருக்கிறதாம்.

கார்டை நாற்று மேடையின் விளிம்பில் உட்கார்ந்து வாசித்தேன். பிறகு எழுந்து பூவாளியை எடுத்துக்கொண்டு, கருகின விதைகளிலிருந்து வந்த முளைகளுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீர் விட்டேன்.